திருமணப் பதிவேட்டில் தகப்பன் பெயர்க் கட்டத்தில் "அநாதை": இதற்கு மேலே எப்படித் தேடுவது?

கேள்வி: திங்கள்சந்தை வாசகன்

எங்கள் பாட்டாவுடைய பாட்டாவைப் பற்றிக் கையில் இருப்பது ஒரே ஒரு வரி. நெய்யூர்ப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபை ஒன்றின் பழைய திருமணப் பதிவேட்டிலிருந்து பார்த்து எழுதியது:

தேதி: ௲௪௰௯ ௵ மகரம் ௰௫. மாப்பிள்ளை வயது 20. ஊர் என்ற கட்டத்தில் "போர்டிங்". தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் "அநாதை". பெண்ணுக்குத் தகப்பன் பெயர், ஊர் இரண்டும் எழுதியிருக்கிறது. சாட்சிகள் இரண்டு பேர். முதல் சாட்சியின் பெயருக்கு முன்னால் ஒரு விளையின், அதாவது தோட்ட நிலத்தின், பெயர் உண்டு. இரண்டாம் சாட்சிக்கு ஊர்க் கட்டத்தில் ௸ என்ற குறி மட்டும்.

மாப்பிள்ளையின் பெயர் முழுக்க வெள்ளைக்காரப் பெயர், குடும்பப்பெயரோடு சேர்த்து. அதனால் வெள்ளைக்கார வம்சம் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு.

தெரிய வேண்டியவை: இது எந்த ஆங்கில ஆண்டு? அந்தப் போர்டிங்கில் (மிஷன் விடுதியில்) பிள்ளைகளைச் சேர்த்த பதிவேடு எங்காவது இருக்குமா? பெயரை வைத்து வம்சம் சொல்ல முடியுமா? நில ஆவணத்தில் தேடலாம் என்றால் 1956-க்கு முந்தியவை எல்லாம் மலையாளம் என்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது?

---

பதில்: மகரக்கொய்த்து

தம்பி, முதலில் தேதியை உறுதி செய்துகொள்வோம். இதில் தப்பினால் பின்னால் பார்க்கிற எல்லாப் பதிவேடும் தப்பாகிவிடும்.

௲ ஆயிரம். ௪௰ நாற்பது. ௯ ஒன்பது. ௵ என்பது ஆண்டுக் குறி. ஆகக் கொல்லம் 1049; கொல்லம் என்பது திருவிதாங்கூரில் வழங்கிய ஆண்டுக்கணக்கு. ௰ என்பது பத்து. அதற்கு முன்னால் எண் நின்றால் பெருக்கவேண்டும், பின்னால் நின்றால் கூட்டவேண்டும். ௰௫ பதினைந்து. பழைய கையெழுத்தில் ௧-ம் ௪-ம் "க", "ச" போலவே இருப்பதால் பலர் மாற்றிப் படித்துவிடுவார்கள். உங்கள் வரியில் அந்த ஆபத்து இல்லை. பத்தொன்பதை ௰௯ என்றுதான் எழுதுவார்கள், ௧௰௯ என்று எழுதும் வழக்கம் இல்லை. ௰-க்கு முன்னால் ஓர் எண் நிற்பதால் அது ௪ தான்.

கொல்லம் ஆண்டு சிங்கம் 1-இல், அதாவது ஆவணி முதல் தேதி, ஆகஸ்ட் நடுவில் பிறக்கும். சிங்கத்திலிருந்து தனு (மார்கழி) 17 வாக்கு வரை 824 கூட்டவேண்டும். அதற்குப் பிறகு கர்க்கடகம் (ஆடி) முடிய 825. உங்களுடையது மகரம் (தை), ஆக 1049 + 825 = 1874, ஜனவரி கடைசி வாரம். கணக்கு மறந்துபோனால் தொண்ணூற்றொன்பது வெள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வெள்ளம் 1099 கர்க்கடகத்தில், 1924 ஜூலையில். அடுத்த மாதம் சிங்கம் பிறந்ததும் கொல்லம் 1100. ஆங்கில ஆண்டு அதே 1924. எப்போதும் 825 கூட்டுகிறவர்கள் இந்த நாலரை மாதத்தில் ஒரு வருடம் தள்ளிப்போய் நிற்பார்கள். "அந்த வருடப் புத்தகத்தில் இல்லை" என்று பலர் திரும்பி வருவதற்கு இதுதான் காரணம்.

சில பதிவேடுகளில் மேடம், இடவம் என்று வரும். சிலவற்றில் சித்திரை, வைகாசி. மாதம் ஒன்றுதான். மிஷனரி கைப்பட எழுதிய பக்கம் என்றால் ஆங்கிலத் தேதி, உபதேசியார் (உள்ளூர்ச் சபை ஊழியர்) எழுதியது என்றால் கொல்லம். ஒரே புத்தகத்தில் இரண்டும் கலந்து வரும். நான்கு இலக்கத்தில் 10 என்று தொடங்கினால் கொல்லம், 18 என்றால் ஆங்கிலம்.

இனி ௸. இது "மேற்படி". எந்த வரிக்கு மேற்படி என்பதுதான் கேள்வி. முதல் சாட்சியின் ஊரா, பெண்ணின் ஊரா, முந்தின திருமணத்தின் சாட்சியுடைய ஊரா? அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழே அந்தக் கட்டம் முழுவதையும் எழுதி எடுங்கள். பக்கத்தின் முதல் வரியே ௸ என்று தொடங்கினால் முந்தின பக்கத்தின் கடைசி வரியையும் பார்க்கவேண்டும். ஒற்றை வரியை மட்டும் எழுதிக்கொண்டு வருவது போதாது.

வயது 20 என்பதை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். ஒரு பத்துப் பக்கம் புரட்டினால் தெரியும்: மாப்பிள்ளைகளுக்கு 20, 25, 30 என்ற வயதுகள் மலிந்து கிடக்கும், 21, 23 அபூர்வம். இரண்டு மூன்று வருடம் முன்பின் வைத்து, கொல்லம் 1026 முதல் 1032 வரை தேடுங்கள். ஆங்கிலக் கணக்கில் சுமார் 1851 முதல் 1857 வரை.

---

பதில்: ஜேம்ஸ்டவுன் அக்கா

மகரக்கொய்த்து அண்ணன் சொன்ன ஆண்டை வைத்துப் பார்த்தால் ஒன்று பொருந்துகிறது. 1860-61-இல் தென் திருவிதாங்கூரில் மழை பொய்த்துப் பஞ்சம், அதோடு காலரா. அப்போது உங்கள் ஆளுக்கு ஆறு, ஏழு வயது இருக்கும். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் மிஷன் விடுதிக்கு வந்த காலம் அது. இது நிரூபணம் ஆகாது. எந்த ஆண்டுகளின் பக்கங்களை முதலில் புரட்டவேண்டும் என்பதற்கு வழி, அவ்வளவுதான்.

"அநாதை" என்ற சொல்லை இன்றைய பொருளில் மட்டும் படிக்கக்கூடாது. தகப்பன் மட்டும் இறந்து, தாய் இருந்து, வளர்க்க வழியில்லாமல் விட்ட பிள்ளையாகவும் இருக்கலாம். ஆகவே அதே சபையின் அடக்கப் பதிவேட்டில் 1874-க்குப் பிறகும் தேடுங்கள். ஒரு மூதாட்டியின் அடக்கத்தில் "இன்னாருடைய தாய்" என்று உங்கள் ஆளின் பெயர் நின்றால் பாதிக் கதவு திறந்துவிடும். பலர் திருமணத்துக்கு முந்தின ஆண்டுகளை மட்டும் தேடிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பிந்தின ஆண்டுகள்தான் பெரும்பாலும் அதிகம் பேசும்.

பெயர் விஷயம். வெள்ளைக்கார வம்சம் என்பதற்கு இந்தப் பெயர் சான்றே இல்லை. அன்று இந்தச் சபைகளை நடத்திய லண்டன் மிஷனரி சங்கத்தின் (எல்.எம்.எஸ்.) போர்டிங் பிள்ளைகளுக்கும் உபதேசிமாருக்கும் இங்கிலாந்திலுள்ள நன்கொடையாளர்கள் ஆண்டுதோறும் பணம் அனுப்புவார்கள். பணம் அனுப்பியவரின் பெயரையே, அல்லது அவர் சொன்ன பெயரையே பிள்ளைக்கு வைப்பார்கள். பெயரும் குடும்பப்பெயருமாக முழுசாக வைப்பதும் உண்டு. ஒரு பிள்ளை படிப்பை விட்டால் அதே பெயர் அடுத்த பிள்ளைக்குப் போகவும் கூடும். ஆகவே அதே பெயரில் இரண்டு ஆள் அகப்பட்டால் ஒருவர் என்று முடிவு கட்டாதீர்கள். வயதையும் மனைவி பெயரையும் ஒத்துப்பாருங்கள். போர்டிங்குக்கு வருமுன் அந்தப் பிள்ளைக்கு வேறு பெயர் இருந்திருக்கும். தேடவேண்டியது அந்தப் பெயரை.

சேர்க்கைப் பதிவேடு விஷயத்தில் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். சங்கத்தின் காகிதங்கள் லண்டனில் சோவாஸ் (SOAS) கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் மிஷனரிகள் தலைமைக்கு எழுதிய கடிதங்களும் ஆண்டறிக்கைகளும் உண்டு. ஒரு பிள்ளையின் தாய் தகப்பன் யார் என்ற விவரம் அவற்றில் வருவது அபூர்வம். ஆனால் நன்கொடையாளருக்கு எழுதிய கடிதத்தில் "உங்கள் பெயரைத் தாங்கிய பையன்" என்று நாலு வரி வந்தால் அதில் ஊரும் சூழ்நிலையும் இருக்கும். நேரில் போக வேண்டாம். பட்டியலை இணையத்தில் பார்த்து, தென் திருவிதாங்கூர், நெய்யூர், 1858 முதல் 1875 வரை என்று வரையறுத்துக் கேளுங்கள். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்திலும் தென்னிந்தியச் சபைகளின் பழைய காகிதங்கள் உண்டு, அதையும் விடாதீர்கள். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய ஞானஸ்நானப் பட்டியல்களில் நேரம் செலவழிக்க வேண்டாம். அவை பெரும்பாலும் ஐரோப்பியக் குடும்பங்களுக்கானவை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் உதவாது, அச்சில் வந்தது எண்ணிக்கை மட்டுமே.

உள்ளூரில் பெரிய தடுமாற்றம் எல்லையால் வருகிறது. அன்று பதிவேடு ஊர்ச்சபையில் இருக்காது, மிஷன் வட்டாரத்தின் தலைமை இடத்தில் இருக்கும். ஜேம்ஸ்டவுன், திட்டுவிளை, நாகர்கோவில், சாந்தபுரம், நெய்யூர், பாறசாலை என்று வட்டாரங்கள். விளவங்கோடு தாலுகாவின் மேற்குப் பக்கத்து ஊர்கள் பல பாறசாலையோடு சேர்ந்திருந்தன. 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டுக்கு வந்தன; பாறசாலை கேரளத்தில் நின்றுவிட்டது. சி.எஸ்.ஐ.யிலும் கன்னியாகுமரிப் பேராயம் 1959-இல் தனியானது. ஆகவே நம் மாவட்டத்துக் குடும்பத்தின் பதிவு தென்கேரளப் பேராயத்தின் கையில் இருக்கக்கூடும். பெண்ணின் ஊர் மேற்கே என்றால் அங்கேயும் கேட்கவேண்டும்.

முதல் வேலையாகச் செய்யவேண்டியது, அந்த முதல் சாட்சி யார் என்று பிடிப்பது. பெண் வீட்டுச் சாட்சி ஒருவர் என்றால் மற்றவர் மாப்பிள்ளை பக்கம். போர்டிங் பையனுக்கு மாப்பிள்ளை பக்கம் நிற்கிறவர் உபதேசியாராக இருக்கலாம், அல்லது இரத்த உறவு. அந்த ஆள் வேறு எத்தனை திருமணத்தில் சாட்சி நின்றிருக்கிறார் என்று முன்னும் பின்னும் ஐந்து வருடம் எண்ணுங்கள். வரிசையாக இருபது திருமணத்தில் நின்றால் சபை ஊழியர். உங்கள் திருமணத்தில் மட்டும் நின்றால் சித்தப்பனோ மாமனோ ஆக இருக்க வாய்ப்பு கூடுதல். ஊழியர் என்றால் பெயருக்கு முன்னால் விளைப்பெயர் எழுதுவது குறைவு என்பதையும் கவனியுங்கள்.

---

பதில்: எல்கைக்கல்

நிலத்தின் வழியாகப் போகிறவர்களுக்கு. நம் மாவட்டத்தில் ஆளைப் பெயரால் தேடுவதைவிட விளையால் தேடுவது எளிது. பெயர் ஞானஸ்நானத்தில் மாறும், விளைப்பெயர் மாறாது.

இன்றைக்கு அந்த விளை எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறதோ அதிலிருந்து பின்னோக்கிப் போகவேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் ரீசர்வே எண்ணோடு பழைய சர்வே எண்ணும் இருக்கும். அந்தப் பழைய எண் திருவிதாங்கூர் செட்டில்மெண்ட் (நிலத்தை அளந்து வரி நிர்ணயித்த) காலத்தது. கொல்லம் 1058-இல் தொடங்கி 1086-இல், அதாவது 1883-இலிருந்து 1911 வாக்கில், முடிந்த வேலை அது. செட்டில்மெண்ட் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே கைவசக்காரர் பெயர், தகப்பனோ காரணவரோ (குடும்பத் தலைவரோ) யார், எந்த வகை நிலம், எவ்வளவு கரம் (வரி) என்று வரும். உங்கள் ஆள் அப்போது முப்பதிலிருந்து ஐம்பத்தைந்து வயதுக்குள். நிலம் வைத்திருந்தால் அகப்படவேண்டும்.

தாலுகா ஆபீஸில் கேட்கும்போது "செட்டில்மெண்ட் ரிஜிஸ்டர்", "தண்டப்பேர்க் கணக்கு" என்ற இரண்டு சொல்லையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். தண்டப்பேர் என்பது ஆளின் பெயரில் ஓடும் கணக்கு. ஒருவருடைய எல்லாத் துண்டும் ஓரிடத்தில் இருக்கும். செட்டில்மெண்ட் ரிஜிஸ்டர் சர்வே எண் வழியாக ஓடுவது. ஒன்றைக் கேட்டு மற்றதைப் பார்த்துவிட்டு "இல்லை" என்று வருகிறவர்கள் நிறைய. ஊரின் பெயரையும் பகுதியின் பெயரையும் சேர்த்து எழுதவேண்டும். பார்வத்தியக்காரர் என்ற அந்தக் காலக் கிராம வருவாய் அதிகாரியின் எல்லைதான் பகுதி. அதற்குள் முறி, கரை, தேசம் என்ற சிறு பிரிவுகள். இன்றைய பஞ்சாயத்தின் பெயரை எழுதினால் அந்தக் காலப் பதிவேட்டில் அப்படி ஒன்று இருக்காது.

இங்கே கிடைக்கவில்லை என்றால் திருவனந்தபுரம். கேரள அரசு ஆவணக் காப்பகத்தின் கோட்டைக்குள் உள்ள மத்தியக் காப்பகத்தில் திருவிதாங்கூர் அரசின் பழைய காகிதங்களும் ஓலைச் சுருணைகளும் (ஓலைக் கட்டுகளும்) உண்டு. தேடும் நோக்கம், தாலுகா, பகுதி, ஆண்டு வரையறை எழுதி அடையாளச் சான்றோடு போகவேண்டும். சென்னை எழும்பூர்க் காப்பகத்தில் திருவிதாங்கூர் அரசின் உள் காகிதங்களைத் தேடிப்போவது வீண் வேலை. அது மதராஸ் அரசின் காப்பகம்.

அடுத்தது ஆதாரம், அதாவது பத்திரம். ஆவணப் பதிவு திருவிதாங்கூரில் 1860-களின் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. சார்பதிவாளர் ஆபீஸில் நிலம், வீடு பற்றிய ஆவணங்களுக்கான ஒன்றாம் புத்தகமும் அதன் அட்டவணைகளும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கக் கேட்கலாம். முதல் அட்டவணை ஆள் பெயரால், இரண்டாம் அட்டவணை சொத்தால். இரண்டையும் போடச் சொல்லுங்கள். மூன்றாம் புத்தகம் வில்பத்திரம். எழுதியவர் இறந்துபோனபின் நகல் கேட்கலாம். மற்ற ஆவணங்களுக்கான நான்காம் புத்தகம் சம்பந்தப்பட்டவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் மட்டும். இணையத்தில் வில்லங்கம் இவ்வளவு பழைய ஆண்டுகளுக்கு வராது, அவற்றைக் கையால் தேடவேண்டும். தேடுதல் கட்டணம் ஆண்டுக் கணக்கு என்பதால், முழு நூற்றாண்டையும் ஒரே மனுவில் கேட்டால் செலவு ஏறும், தேடுகிறவரும் சலித்துப்போவார். ஐந்து ஐந்து வருடமாகக் கேளுங்கள். இன்றைய ஆபீஸ் எல்லையும் அன்றைய எல்லையும் ஒன்றாக இருக்காது. அந்தப் பகுதியின் பதிவுகள் முன்பு எந்த ஆபீஸில் நடந்தன என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

1865-ஐ மனதில் வையுங்கள். அந்த வருடம் வந்த பண்டாரப்பாட்ட விளம்பரத்தால் (அரச பிரகடனத்தால்) சர்க்கார் பாட்ட நிலத்தை உழுதவர்களுக்கு அதை விற்கவும் ஒற்றி வைக்கவும் உரிமை வந்தது. அதற்குப் பிறகுதான் சாதாரணக் குடும்பங்களின் பெயர் ஆதாரங்களில் பெருகுகிறது. உங்கள் ஆளின் சித்தப்பனோ மாமனோ இருந்திருந்தால் கொல்லம் 1040-க்கும் 1070-க்கும் நடுவில் அகப்படுவார்கள்.

வீட்டில் தகரப்பெட்டியில் கிடக்கிற ஆதாரத்தை முதலில் பாருங்கள், ஆபீஸுக்கு ஓடுவதற்கு முன். சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் முத்திரைப்பத்திரம் ஒன்று அகப்பட்டால், அதில் "முன்னாதாரம்" (முந்தின பத்திரம்) என்று எண்ணும் ஆண்டும் குறித்திருக்கும். அந்த எண்ணைப் பிடித்து ஒரு படி மேலே. அதிலும் முன்னாதாரம் இருக்கும். இப்படி நான்கு படி ஏறிவிட்டால் நீங்கள் தேடுகிற காலம் வந்துவிடும்.

---

திங்கள்சந்தை வாசகன்

மூன்று பேருக்கும் நன்றி. முதல் சாட்சியின் விளை இன்றும் அதே பெயரில் இருக்கிறது. அந்தச் சாட்சி முன்பின் பத்து வருடத்தில் வேறு எந்தத் திருமணத்திலும் நிற்கவில்லை. அந்த விளைக்குரிய ஆதாரம் ஒன்று உறவினர் வீட்டில் இருந்து கிடைத்தது. மலையாளம். தேதி 1063 மீனம். விலை 840 பணம் என்று ஒருவர் படித்துச் சொன்னார். வாங்கியவர் சாட்சியின் பெயர். எழுதிக் கொடுத்தவருக்குப் பக்கத்தில் "அனந்தரவன்" என்று ஒரு ஆள். எல்கையில் கிழக்கே "போர்டிங்" என்று தொடங்கும் ஒரு பெயர் வருகிறது, மீதி எழுத்து யாருக்கும் புரியவில்லை. அனந்தரவன் என்றால் மகனா?

---

பதில்: ஆதாரம் எழுத்து

அனந்தரவன் மகன் இல்லை. மருமக்கள்வழிக் குடும்பத்தில் காரணவருக்கு அடுத்து வருகிறவர். சகோதரியின் மகன், அல்லது அந்தத் தாய்வழியில் இளையவர். சேஷக்காரன் என்று எழுதினாலும் அதே குடும்ப வட்டம்தான். நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் ஆதாரங்களில் இது நிறைய வரும். அவர்களுக்கு 1101-இல், அதாவது 1926-இல், தனிச் சட்டம் வந்த பிறகுதான் மக்கள்வழி வந்தது. அதற்கு முன் மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்று ஒரு பங்குதான். ஆக 1063 ஆதாரத்தில் அனந்தரவனை மகனாக எழுதி வம்ச மரம் வரைந்தால் முழு மரமும் வேறு குடும்பத்தில் போய் நிற்கும். உங்களுக்கு இங்கே விற்றவர் குடும்பம் முக்கியம் இல்லை, வாங்கியவர்தான் வேண்டும். ஆனால் விற்றவர்கள் மருமக்கள்வழி என்பதால் விற்றவரும் வாங்கியவரும் உறவினர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

840 பணம் என்பதை ரூபாய் என்று எழுதிவிடாதீர்கள். பணம் என்பது ஒரு நாணயக் கணக்கு. பணத்துக்கு 4 சக்கரம், திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், சக்கரத்துக்கு 16 காசு. 840 பணம் 3360 சக்கரம், அதாவது 120 ரூபாய். 1063 மீனம் என்பது 1888 மார்ச்-ஏப்ரல்.

ஆதாரத்தின் முதல் பத்தியை இப்படிப் படிக்கவேண்டும். ஆண்டு, மாதம், தேதி. பிறகு தாலுகா, பகுதி, முறி, தேசம். பிறகு வீட்டுப்பெயர் அல்லது விளைப்பெயர், "-இல்" என்ற உருபோடு. பிறகு சாதி, தகப்பன் அல்லது காரணவர் பெயர், உறவுச் சொல், ஆளின் பெயர், தொழில், வயது. இந்த வரிசையில் வாங்கியவர் முதலா எழுதிக்கொடுத்தவர் முதலா என்று வினையைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இரண்டாவது ஆளைத் தவறாக முதல் ஆளாக எடுப்பது எப்போதும் நடக்கிற பிழை. வாங்கியவரின் தகப்பன் பெயர் அங்கே இருக்கும். உங்கள் தேடலில் அதுதான் பெரிய பெயர், அதை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து ஒத்துப்பார்க்கட்டும்.

அப்புறம் "என்ற". ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஆதாரத்தில் பழைய பெயரும் புதுப் பெயரும் சேர்ந்து "இன்னார் என்ற இன்னார்" என்று வருவது உண்டு. கிரையம் கேள்வியில்லாமல் நிற்கவேண்டும் என்பதால் எழுத்துக்காரர்கள் இதை விடமாட்டார்கள். சபைப் பதிவேட்டில் இல்லாத பழைய பெயர் பதிவாபீஸில் இருப்பதற்கு இதுவே காரணம்.

இனி அந்தக் கிழக்கு எல்கை. இதுதான் உங்கள் கையில் இருக்கிற தங்கம். 1888-இல் அந்தத் துண்டின் கிழக்கே நிலம் வைத்திருந்த ஆளைப் "போர்டிங்" என்ற அடைமொழியோடு எழுதியிருக்கிறார்கள் என்றால் ஊரில் அவர் அப்படித்தான் அறியப்பட்டிருக்கிறார். உங்கள் ஆளாக இருக்க நல்ல வாய்ப்பு. அதாவது சாட்சி நின்றவரும் அவரும் அடுத்தடுத்த விளை. ஒரே விளை இரண்டாகப் பிரிந்ததா என்று பார்க்கவேண்டும். செட்டில்மெண்ட் பதிவேட்டில் கிழக்குத் துண்டின் எண்ணைப் பிடியுங்கள்; அதற்குரிய பெயரையும், பாகபத்திரம் (பாகப்பிரிவினை) அல்லது இஷ்டதானம் (தானப்பத்திரம்) ஏதாவது 1049-க்கும் 1063-க்கும் நடுவில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் இரண்டாம் அட்டவணையில் பாருங்கள். பாகபத்திரம் அகப்பட்டால் அதில் பங்காளிகள் எல்லாரும் உறவுமுறையோடு வரிசையாக வருவார்கள். விலை கொடுத்து வாங்கியது என்றால் உறவு நிரூபணம் ஆகாது, அண்டை வீடு மட்டும்தான்.

எழுத்து புரியாததற்குக் காரணம் பெரும்பாலும் கூட்டெழுத்து. 1971-க்குப் பிறகு மலையாளம் படித்தவர்கள் புது லிபியில் பழகியவர்கள். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய பழைய கூட்டெழுத்தில் திணறுவார்கள். வயதான ஆதார எழுத்துக்காரர், இல்லாவிட்டால் பழைய லிபியில் படித்த ஓய்வுபெற்ற மலையாள ஆசிரியர், இவர்களிடம் காட்டுங்கள். குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். ஓலையாக இருந்தால் அது மலையாண்மை, வட்டெழுத்து என்ற பழைய எழுத்துகளில் ஒன்றாக இருக்கலாம். அதற்கு வேறு ஆள்.

---

பதில்: தோவாளை வாசகி

நிலமே இல்லாத குடும்பங்களுக்காக ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் மேலே உள்ள வழிகள் அவர்களுக்குப் பாதியில் அடைபட்டுவிடும். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-இல். அதற்கு முன் அடிமைப்பட்டிருந்த மக்களின் பெயர் நிலத்தின் உடைமைக்காரர் கட்டத்தில் வராது. விற்கப்பட்ட பொருளாகத்தான் வரும். நாஞ்சில் நாட்டில் அடிமை ஓலைகள் என்றே தனி வகை உண்டு. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தின் ஓலைகளில் அப்படிப்பட்டவை இருக்கின்றன. அவற்றில் ஆள் பெயரும் உறவும் எழுதப்பட்டிருப்பது உண்டு. படிக்கக் கை நடுங்கும். ஆனாலும் சில குடும்பங்களுக்கு முன்னோரின் பெயர் எழுத்தில் நிற்கிற ஒரே இடம் அது. இப்படிப்பட்ட குடும்பத்தின் தேடலில் சபைப் பதிவேட்டில் "இன்னாருடைய நிலத்தில்" என்று வரும் குறிப்பைத் தவறவிடாதீர்கள். எந்த நில உடைமைக்காரரின் ஓலைகளைத் தேடவேண்டும் என்பதை அதுதான் சொல்லும். பழைய பதிவேடுகளில் இன்று யாரும் வாயில் எடுக்கக்கூடாத சாதிச் சொற்கள் வரும். தேடுவதற்குக் குறித்து வையுங்கள், குடும்ப வரலாறு எழுதும்போது இன்றைய மரியாதையான பெயரையே எழுதுங்கள்.

கத்தோலிக்கப் பங்குகளில் தேடுகிறவர்களுக்குச் சுருக்கமாக. கோட்டாறு மறைமாவட்டம் 1930-இல் கொல்லத்திலிருந்து பிரிந்தது, குழித்துறை 2014-இல் கோட்டாற்றிலிருந்து. ஆனால் பதிவேடு பெரும்பாலும் அந்தந்தத் தாய்ப்பங்கிலேயே இருக்கும். இன்று தனிப்பங்காக இருக்கும் ஊர் அன்று எதன் கிளைப்பங்கு என்று முதலில் கேளுங்கள். பதிவு லத்தீனில் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, இருபது சொல் தெரிந்தால் போதும். ஃபிலியுஸ் மகன், ஃபிலியா மகள், உக்ஸோர் மனைவி, விதுவா கைம்பெண், பாட்ரினி ஞானப்பெற்றோர். ஞானப்பெற்றோர் பெயரை விடாதீர்கள், அவர்கள் பெரும்பாலும் தாய்மாமன், அத்தை. எல்.எம்.எஸ். பதிவேட்டில் இந்த வசதி இல்லை, அங்கே சாட்சியைத்தான் பிடிக்கவேண்டும். 1908-க்குப் பிறகு நடந்த திருமணங்களை மணமக்களின் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே குறிக்கவேண்டும் என்று விதி வந்தது. ஆகவே ஓரக்குறிப்பைப் படித்தால் பெண் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்பது தெரியும். நெருங்கிய உறவில் திருமணம் என்றால் விலக்கு அளித்த குறிப்பும் உறவின் படியும் இருக்கும். அதிலிருந்து இரண்டு தலைமுறை மேலே ஏறலாம்.

---

பதில்: ஜேம்ஸ்டவுன் அக்கா

தம்பி, திரும்பச் சபைக்குப் போகப்போகிறீர்கள் அல்லவா, அதனால் பதிவேட்டைக் கையாள்வது பற்றியும் சொல்லிவிடுகிறேன். சபையின் பதிவேடு அரசு ஆபீஸ் ஆவணம் இல்லை; ஆயரிடமோ செயலரிடமோ அனுமதி கேட்கவேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்த நெரிசலில் கேட்காதீர்கள். ஒரு பக்கக் கடிதம்: யாரைத் தேடுகிறீர்கள், உங்களுக்கு என்ன உறவு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தப் பதிவேடு. ஆண்டைக் கொல்லத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். வாரநாளில் நேரம் கேட்டுப் போங்கள்.

அந்தக் காலத்து மை காகிதத்தை அரித்திருக்கும். எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழுந்திருப்பதைப் பார்க்கலாம். பக்கத்தை மேல் மூலையில் பிடித்துப் புரட்டுங்கள், கீழ் மூலை ஏற்கெனவே தேய்ந்திருக்கும். எச்சில் தொடக்கூடாது. புத்தகத்தை முழுக்க விரித்து அமுக்கினால் முதுகு தையல் விட்டுப்போகும். இரண்டு பக்கமும் மடித்த துண்டை முட்டுக்கொடுத்து பாதி விரிப்பில் வையுங்கள். படம் எடுக்க அனுமதி கிடைத்தால் ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி. மங்கிய எழுத்து அப்போதுதான் தெரியும். முதலில் அட்டை, பிறகு பக்க எண், பிறகு முழுப் பக்கம், கடைசியாக உங்கள் வரி. பூச்சி அரித்த பக்கத்துக்கு லேமினேஷன் போட்டுத் தருகிறேன் என்று யாரும் முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சூடும் பசையும் சேர்ந்து பக்கத்தையே தின்றுவிடும், பிறகு பிரிக்க முடியாது.

இந்த முறை மூன்றைப் பாருங்கள். ௸ இருக்கும் கட்டம் மேலிருந்து கீழாக முழுப் பக்கம். கொல்லம் 1035 முதல் 1049 வரை ஞானஸ்நானத்தில் அந்த விளைப்பெயர் வரும் எல்லா வரியும், யார் பெயராக இருந்தாலும். 1049-க்குப் பிறகு அடக்கப் பதிவேட்டில் அதே விளை. ஆதாரத்தில் வாங்கியவரின் தகப்பன் பெயரைப் படித்து எடுத்தபின் போனால் இன்னும் நல்லது, அந்தப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு தேடலாம். படித்து முடித்ததும் விளைப்பெயரை மட்டும் மறைத்து மற்ற விவரங்களை எல்லாம் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.